மல்லாட்டைக் கொல்லையின் பூசணம் பால் செம்பு வரை வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டம் நெருங்கினால் நம் நாளிதழ்களில் இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒரு பக்கத்தில், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் விளைச்சலைக் கூட்டும் வழிகள். இன்னொரு பக்கத்தில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் ஊர்களின் பட்டியல். இரண்டையும் படிப்பது ஒரே வீடுதான். அணைக்கட்டிலோ, கே.வி.குப்பத்திலோ, குடியாத்தம் பக்கத்திலோ இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை வைத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் இரண்டு கறவை மாடும், நாலு ஆடும், பத்துக் கோழியும் இருக்கும். ஆனால் ஆராய்ச்சி முடிவுகள் அந்த வீட்டுக்கு வரும்போது பயிர் தனியாகவும் மாடு தனியாகவும் பிரிந்து வருகின்றன. அந்தப் பிரிவினால் யார் கண்ணிலும் படாமல் போகும் ஒரு கேட்டைப் பற்றியே இந்தக் கடிதம்.

மல்லாட்டை விளைந்தால் காய் மண்டிக்குப் போகிறது, கொடி மாட்டுக்குப் போகிறது. எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கும் மாட்டுக்கே வருகிறது. மாட்டுச் சாணம் மறுபடியும் கொல்லைக்குப் போகிறது. வடாற்காட்டு மானாவாரி விவசாயம் இத்தனை காலம் நின்றதே இந்தச் சுற்றால்தான். இதே சுற்றில் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூசணமும் மண்ணிலிருந்து காய்க்கும், காயிலிருந்து பிண்ணாக்குக்கும் பயணம் செய்கிறது. அது கக்கும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் இந்த நஞ்சு வடிவம் மாறி வெளிவருகிறது.

இந்த நஞ்சை உலகம் அறிந்ததே கடலைப் பிண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. அதை ஆராய்ந்தபோதுதான் பூசணமும் நஞ்சும் பிடிபட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் கிராமங்களில் "பிண்ணாக்கு லேசா பூத்திருக்கு, வெயில்ல காயவெச்சா சரியாயிடும்" என்ற பேச்சு மாறவில்லை. வெயிலில் பூசணம் காய்ந்து உதிரும். உள்ளே ஊறிய நஞ்சு அப்படியே இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்தாலும் அது போகாது.

இது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் எருக்குழியில் போய் நிற்கும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. அந்த உரம் மக்கியிருக்க வேண்டும் என்ற பாதிதான் நடைமுறையில் விட்டுப்போகிறது. கோடையில் குழியைக் கிளறாமல் வைத்திருந்து, முதல் மழை விழுந்ததும் அள்ளிப் பரப்பி ஏர் ஓட்டிவிடுகிறார்கள். பாதி மக்கிய சாணமும் வைக்கோல் துண்டும் மண்ணுக்குள் போனால் கரையானுக்கு அது விருந்து. மழை பெய்துகொண்டிருக்கும் வரை கரையான் அந்தக் குப்பையைத் தின்னும். புரட்டாசியில் வானம் காய்ந்து மண் வறண்டதும் மல்லாட்டைக் காயின் ஓட்டைச் சுரண்டும். நரம்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தென்ற பகுதியை மட்டும் அரித்துவிட்டு நரம்பை வலைபோல விட்டுவைக்கும். காய் பார்வைக்கு முழுசாக இருக்கும், ஓடு மட்டும் காகிதம்போல மெலிந்திருக்கும். மண்ணில் எப்போதும் இருக்கும் பூசணத்துக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

நன்றாக மக்கிய எரு கறுத்து, உதிரியாக, சாண வாடை இல்லாமல் இருக்கும். குவியலின் நடுவில் கையை விட்டால் சூடு இருக்காது. சூடு இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது என்று பொருள், அதை அள்ளக்கூடாது. நாலைந்து மாதத்தில் இரண்டு முறை கிளறி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மாசியில் போட்ட குழி ஆடிக்குத் தயாராகிவிடும். கரையான் தொல்லை உள்ள நிலத்தில் கடைசி உழவின்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். அதோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைப் பூசணம் ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவினால் வேரழுகலும் குறையும், கெட்ட பூசணத்துக்கு மண்ணில் ஒரு போட்டியும் உருவாகும்.

விதை நேர்த்தியில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்பது சரி. ஆனால் அதே விதையில் கார்பண்டசிம் பொடியையும் சேர்த்துக் குலுக்குகிறார்கள். கார்பண்டசிம் பூசணக்கொல்லி, டிரைக்கோடெர்மா ஒரு பூசணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் காசு கொடுத்து வாங்கிய நன்மைப் பூசணத்தை நாமே கொன்றுவிடுகிறோம். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து கடைசியாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும்.

ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற கணக்கில் ஒரு சதுர மீட்டரில் 33 செடி நிற்க வேண்டும். பெரிய பருப்பு ரகமாக இருந்தால் விதை அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். விதை விலை ஏறினால் முதலில் குறைவது இந்த எண்ணிக்கைதான். இதில் விளைச்சல் இழப்பைத் தவிர இன்னொரு நட்டமும் இருக்கிறது. செடி அடர்ந்து மண்ணை மூடினால் காய் இருக்கும் மேல்மண் குளிர்ச்சியாக இருக்கும். இடைவெளி விழுந்த கொல்லையில் வெயில் நேராக மண்ணில் இறங்கும். மண் சூடும் வறட்சியும் சேர்ந்தால் பூசணம் காய்க்குள் ஏறும்.

இனி, காய்க்குக் கால்சியம் கொடுக்கும் ஜிப்சம். இந்த மாவட்டத்துச் செம்மண்ணில் மல்லாட்டைக்கு இதைவிட மலிவான, இதைவிட அதிகமாகத் தவறவிடப்படும் இடுபொருள் வேறு இல்லை. ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை மூன்றும் ஒரு 10 கிலோவும். விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, செடியின் ஓரமாகத் தூவி, களை கொத்தி, மண் அணைக்க வேண்டும். ஆடி முதல் வாரம் விதைத்தவர்களுக்கு இது ஆவணி நடுவில் வரும். அப்போது மழை இல்லாமல் மண் காய்ந்து கிடந்தால் ஈரம் வரும்வரை காத்திருந்து இடலாம்; மானாவாரியில் அதற்கு இடம் உண்டு. காய்ந்த மண்ணில் தூவிய ஜிப்சம் கரையாமல் அப்படியே கிடக்கும்.

அடியுரத்தோடு சேர்த்து ஏன் போடக்கூடாது என்று பலர் கேட்கிறார்கள். வேர் எடுக்கும் கால்சியம் தண்ணீரோடு மேலே போய் இலையில் தங்கிவிடும். இலையிலிருந்து அது கீழே திரும்பி வராது. மல்லாட்டைக் காயோ மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் ஓட்டின் வழியாகத் தானே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொண்டாக வேண்டும். பூவிலிருந்து கிளம்பும் விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் மூன்று நான்கு வாரத்தில் மேலே உள்ள 5 முதல் 8 செ.மீ. மண்ணில் கரைந்த கால்சியம் இருந்தால்தான் பருப்பு நிறையும். விதைக்கும்போது போட்டால் மணல் கலந்த நிலத்தில் இரண்டு நல்ல மழையில் அது கீழே இறங்கிவிடும். கால்சியம் கிடைக்காத காய் பொக்காகும். பொக்காகாத காயிலும் ஓடு மெலிந்து அழுகலுக்கு இடம் கொடுக்கும். பொட்டாஷை மேலுரமாகக் காய் பிடிக்கும் மண்ணில் கொட்டினாலும் இதே கதைதான். அது கால்சியத்தோடு போட்டியிட்டுக் காய்க்குக் கிடைக்கவிடாமல் செய்யும். பொட்டாஷ் அடியுரத்தோடு போகட்டும். மண் அணைத்த பிறகு கொத்துக்களை கூடாது. இறங்கிய விழுது அறுந்தால் அந்தக் காய் போனது போனதுதான். சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே நிறைந்த நிலத்துக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதால் மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வடாற்காட்டின் தலையெழுத்து இரண்டு பருவமழைகளுக்கு நடுவில் அமைந்திருக்கிறது. தென்மேற்கில் விதைத்து வடகிழக்கு தொடங்கும்போது பிடுங்குகிறோம். டி.எம்.வி. 7 போன்ற 105 நாள் கொத்து ரகத்தை ஜூலை 20இல் விதைத்தால் நவம்பர் தொடக்கத்தில் முற்றும். அதற்கு முந்தைய மாதம் மழை பொய்த்தால் புரட்டாசி வறட்சி, முற்றும் நாளில் ஐப்பசி அடைமழை. பூசணத்துக்கு இந்த இரண்டும் வேண்டும். பருப்பில் ஈரம் குறையும்போது செடி தன் பருப்பைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் இயற்கை எதிர்ப்புப் பொருள் நின்றுபோகிறது, பூசணம் உள்ளே நுழைகிறது. பிடுங்கிய பின் மழையில் நனைந்தால் நுழைந்தது பெருகுகிறது.

வறட்சிக்கு ஒரே நல்ல மருந்து 75, 80ஆம் நாள்வாக்கில் ஒரு உயிர்த்தண்ணீர். பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் அந்தத் தண்ணீரைப் பயிர் வாடிச் சுருண்ட பிறகு திறக்காமல், காய் பிடித்து முற்றும் இந்தக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். தண்ணீருக்கே வழியில்லாமல் செடி காய்ந்துகொண்டிருந்தால், கடைசிக் காயும் முற்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு வாரம் முன்னதாகப் பிடுங்கினால் எடை கொஞ்சம் குறையும், நஞ்சு நிறையவே குறையும். முற்றியதா என்று பார்க்கக் கொல்லையின் நாலு பக்கத்திலும் நடுவிலும் பத்துச் செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உள்பக்கம் கரும்பழுப்பாக மாறிய காய் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருந்தால் போதும். பெரும்பாலான கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய பின் இரண்டு மழை வாங்கினால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கிய செடியைக் காய் மேலே, கொடி கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். காய் மண்ணைத் தொடக்கூடாது. நம் ஊரில் பிடுங்கிய செடியை ஒரே போராகக் குவித்து, ஆள் கிடைக்கும்வரை மூன்று நாள் விடுவது வழக்கமாகிவிட்டது. ஈரக் குவியலுக்குள் ஒரே இரவில் சூடேறும். கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாளைக்கு நாலைந்து முறை கிளறிவிட வேண்டும். முதல் நாள் ஆய்ந்து காய்ந்ததோடு இன்று ஆய்ந்த பச்சைக் காயைச் சேர்க்கக் கூடாது. காய்ந்தது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வர வேண்டும். கருவி இல்லாத வீட்டில் குலுக்கினால் கலகலவென்று ஓசை வர வேண்டும், பருப்பைக் கடித்தால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும், விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். சாக்கில் கட்டி மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கலாம். அதே அறையில் புளியைக் கொட்டி வைக்காதீர்கள். புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டு மல்லாட்டைக் காயையும் துளைக்கும், துளை வழியே பூசணம் போகும்.

இவ்வளவு பாடுபட்டு உலர்த்திய காய் உடைக்கும் இடத்தில் கெடுகிறது. இயந்திரத்தில் போடும்போது பருப்பு உடையாமல் முழுசாக வர வேண்டும் என்பதற்காகக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். முழுப்பருப்புக்கு விலை அதிகம் என்பதால் இது நடக்கிறது. தெளித்த பருப்பு மறுபடி உலர்த்தப்படாமல் மூட்டையாகிறது. அடுத்து, தரம் பிரிக்கும்போது முழுசும் பளபளப்பும் தின்பண்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது, சொத்தை எல்லாம் எண்ணெய் ஆட்டப் போகின்றன. நஞ்சின் பெரும்பகுதி இந்தக் கழிவுப் பருப்பில்தான் குவிந்திருக்கிறது. ஆட்டும்போது எண்ணெயோடு போவது குறைவு, பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கும். மனிதர் தின்பதற்குத் தகாது என்று ஒதுக்கிய நஞ்சின் பெரும்பகுதி செறிவாகி மாட்டுத் தொட்டிக்கு வந்துசேர்கிறது. இதை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மாட்டின் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கலப்புக் கால்நடைத் தீவனத்தில் அஃப்லாடாக்சினின் பி1 என்ற வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒரு டன்னில் 20 மில்லிகிராம், அவ்வளவுதான். அது மாறிப் பாலில் வரும் எம்1 என்ற வடிவத்துக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வைத்துள்ள உச்ச அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மாடு தின்ற பி1இல் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு பாலில் எம்1ஆக வரும். இப்போது ஒரு மாடு நாளுக்கு 2 கிலோ பிண்ணாக்கு தின்கிறது, அதில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 400 மைக்ரோகிராம். நூற்றுக்கு இரண்டு என்றால் 8 மைக்ரோகிராம் பாலுக்கு வரும். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது அனுமதித்த அளவைப் போல இரு மடங்கு. பிண்ணாக்கு 20க்குள் இருந்திருந்தால் அதே மாட்டின் பாலில் லிட்டருக்கு 0.1தான் வந்திருக்கும். பாலைக் காய்ச்சினாலும் உறையூற்றினாலும் இது நீங்காது. ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட பிண்ணாக்கை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் நஞ்சு வடிந்துவிடும்.

மாட்டில் இது வெளியே தெரிவதுதான் கடினம். காய்ச்சல் இருக்காது. தீனி கொஞ்சம் குறையும், பால் ஒரு லிட்டர் இறங்கும், மயிர் மினுமினுப்பு இழந்து சிலிர்த்து நிற்கும், சாணம் அவ்வப்போது இளகும், சினைப்பிடிப்பு தள்ளிப்போகும். இவற்றுக்கெல்லாம் குடற்புழு மருந்தும் தாது உப்பும் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மாட்டின் ராசி சரியில்லை என்று சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். கன்றுகளும் கோழிக்குஞ்சுகளும் பெரிய மாட்டைவிடச் சீக்கிரம் விழும். வாத்துக்குஞ்சு எல்லாவற்றையும்விட மென்மையானது.

இந்த இடத்தில்தான் ராணிப்பேட்டையை நினைக்க வேண்டும். 1932 முதல் அங்கே இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம் மாவட்டங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆடுகளின் துள்ளுமாரி, கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் என்று பல நோய்களுக்கான தடுப்பு மருந்துகளோடு அதன் பெயர் இணைந்திருக்கிறது. (வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கேத் நோய் என்ற பெயர் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் ஊரால் வந்தது. ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.) கோமாரிக்கு 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வீடு தேடி வந்து ஊசி போடுகிறார்கள்.

ஊசி போட்ட பிறகும் நோய் வந்தால் ஊசியைத் திட்டுகிறோம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோமாரி மருந்து எண்ணெய்க் குழம்பு வடிவத்தில் இருப்பதால் பனிக்கட்டியாக உறைந்தாலும் கெட்டது. குப்பி நேராக ஐஸைத் தொடாமல் பார்க்க வேண்டும். கன்றுக்கு நாலாம் மாதம் முதல் ஊசியும் ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பலிக்காமல் போக இன்னொரு காரணம் தீவனத் தொட்டியில் இருக்கிறது. அஃப்லாடாக்சின் உடம்பின் எதிர்ப்புத் திறனை அடக்கும். ஊசி மருந்து உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும், அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய உடம்பு சோர்ந்து கிடக்கும். கோழிகளில் இதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. மல்லாட்டை ஆயும் களத்தில் பொறுக்கித் தின்னும் நாட்டுக்கோழிகள் சொத்தைப் பருப்பைத்தான் அதிகம் தின்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குப் பத்து நாள் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்யச் சொல்கிறார்கள். அப்போதே பிண்ணாக்கு மூட்டையையும் முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் பால் சற்றுக் குறையும், பிறகு ஏறிவிடும். அதற்குப் பயந்து மாட்டைக் கொல்லைக்கு ஓட்டிவிட்டு வீட்டில் மாடே இல்லை என்று சொல்வதை நிறுத்த வேண்டும். ஒரு தெருவில் நாலு மாடு விட்டுப்போனால் கிருமிக்கு அது போதும்.

கொடியைப் பற்றிப் பயிர்ப் பரிந்துரைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. மல்லாட்டைக் கொடியில் புரதம் நெல் வைக்கோலில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அந்தப் புரதம் இலையில் இருக்கிறது. டிக்கா இலைப்புள்ளி நோயும் துரு நோயும் விழுந்து இலை கொட்டிய கொல்லையில் வெறும் தண்டுதான் மிஞ்சும். ஆகவே புள்ளி தென்பட்டதும் ஏக்கருக்கு 400 கிராம் மேங்கோசெப் பூசணக்கொல்லியை 200 லிட்டர் தண்ணீரில் தெளிப்பது காய்க்கு மட்டும் செய்யும் செலவு ஆகாது, மாட்டுத் தீவனத்துக்கும் சேர்த்துச் செய்வது. ஆனால் எந்த மருந்து தெளித்தாலும் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று பொட்டலத்தில் பார்த்தே தெளிக்க வேண்டும். குளோரோதலோனில் என்ற பூசணக்கொல்லியைத் தெளித்த கொல்லையின் கொடியை மாட்டுக்குப் போட வேண்டாம். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, அனந்தப்பூர்ப் பக்கம் பரவிய ஐ.சி.ஜி.வி. 91114 ரகத்தில், காய் விளைச்சலோடு கொடியின் தரத்தையும் மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்து மதிப்பிட்டார்கள், பாலும் கூடியது. நம் பகுதிக்கு ரகம் சொல்லும்போதும் ஏக்கருக்கு எத்தனை கிலோ காய் என்பதோடு, அறுவடை நாளில் எவ்வளவு இலை கொடியில் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கொடியை உதறி மண் போக்கி, நன்றாகக் காயவைத்து, கல் அடுக்கி ஓரடி உயர்த்திய மேடையில் போர் போட வேண்டும். மண்ணோடு தின்னும் மாட்டுக்கு முதல் வயிற்றில் மணல் சேரும். மழை இறங்கிக் கறுத்த நடுப்பகுதியைச் சினைமாட்டுக்கும் கன்றுக்கும் போடவே கூடாது. அதை எருக்குழியின் அடியில் போட்டு முழுசாக மக்கவிட வேண்டும்.

அடர்தீவனத்தை வீட்டில் கலப்பவர்கள் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, தவிடு 37, பிண்ணாக்கு 25, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று வைத்துக்கொள்ளலாம். கடலைப் பிண்ணாக்கில் பாதியை எள்ளுப் பிண்ணாக்காக ஆக்கினால் ஆபத்தும் குறையும். கறவைக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் லிட்டருக்கு 400 கிராம். ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்காமல் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். உடைத்தால் சிக்கு வாடை அடிப்பதும், உள்ளே பச்சை படர்ந்ததும் வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாத பிண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். சந்தேகம் இருந்தும் வேறு வழியில்லாதபோது தீவனத் தரத்துப் பெண்டனைட் களிமண்ணை 100 கிலோவுக்கு 1 கிலோ கலந்தால் நஞ்சின் ஒரு பகுதியை அது பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும், முழுவதையும் அல்ல.

விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் மாவட்டத்தில் இருக்கிறது, ராணிப்பேட்டை நிலையமும் அருகிலேயே இருக்கிறது. இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நம் மாவட்டத்துக்கென ஒரே நாட்காட்டி தயாரிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதில் ஆவணி நடுவில் ஜிப்சம் என்று இருக்கும் பக்கத்திலேயே, ஐப்பசியில் தார்ப்பாய், கார்த்திகையில் பிண்ணாக்குச் சோதனை, அதை ஒட்டிய தடுப்பூசி முகாம் என்று இருக்க வேண்டும். ஜிப்சம் மூட்டைகள் ஆவணி பிறப்பதற்குள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் இருப்பாக இருக்க வேண்டும். காய் பிடித்து முடிந்த பிறகு லாரி வந்து பயனில்லை.

பால் சங்கங்களில் கொழுப்பும் இதர திடப்பொருளும் பார்க்கிறோம். எம்1 நஞ்சைச் சில நிமிடங்களில் காட்டும் பட்டைச் சோதனைகள் இப்போது கிடைக்கின்றன. ஒவ்வொரு உறுப்பினரின் பாலையும் பார்க்க வேண்டியதில்லை. சங்கத்தின் மொத்தக் கேனில் கார்த்திகை முதல் மாசி வரை மாதம் இரண்டு முறை பார்த்தால், எந்த ஊருக்கு எந்த நடையில் வந்த பிண்ணாக்கு கெட்டது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பிண்ணாக்கைச் சோதிக்கும்போது மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளினால் போதாது. நஞ்சு சீராகப் பரவியிருக்காது, ஒரு கெட்ட பருப்பு ஒரு வில்லையையே கெடுத்திருக்கும். பத்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்து, எல்லாவற்றையும் பொடித்துக் கலக்கி, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

கெட்டது என்று காட்டிய உறுப்பினரின் பாலைத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்தினால் அடுத்த முறை யாரும் சோதனைக்கு ஒப்பமாட்டார்கள். பாலில் நஞ்சு வடியும் அந்த நாலு நாளுக்கு மாற்றுப் பிண்ணாக்கைச் சங்கமே கடனாகக் கொடுக்கட்டும். தங்கள் நாளிதழ் ஆடிப்பெருக்கு இதழில் தொடங்கி மாதம் ஒருமுறை, பயிர்ப் பக்கத்தையும் கால்நடைப் பக்கத்தையும் அடுத்தடுத்த பத்திகளாக, ஒரே தலைப்பின் கீழ் வெளியிட வேண்டுகிறோம். முதல் பத்திக்கு எருக்குழி ஏற்ற பொருள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்